லோகாஸ் என்னும் சொல்லும் தொடக்கக் கிறித்தவச் சிந்தனையும்

ஒரு சமயம் தனக்கு முற்பட்ட மெய்யியலின் சொல்லை எடுத்தாளுங்கால், அதன் பொருளையும் உடன் ஏற்கின்றதா? இவ்வினாவிற்கு விடை காண, ‘லோகாஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லின் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

அச்சொல் பேச்சு, கணக்கு, காரணம், அறிவு எனப் பல பொருள் பயப்பது. கி. மு. 500 அளவில் எபேசு நகரில் வாழ்ந்த ஹெராக்கிளிட்டஸ், மாறிக்கொண்டே இருக்கும் உலகின் ஒழுங்கிற்கு இப்பெயரை வழங்கினார். பின்வந்த ஸ்டோயிக்கர் அதனை உலகெங்கும் ஊடுருவி நிற்கும் பேரறிவு என்றனர். இயேசுவின் காலத்தவராகிய அலெக்சாந்திரிய யூத அறிஞர் பைலோ, இறைவனையும் படைப்பையும் இடைநின்று இணைக்கும் ஆற்றலாக அதனைக் கொண்டார். முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுந்த யோவான் நற்செய்தி இச்சொல்லை முதல் அடியிலேயே ஆள்கின்றது. எபிரேய மறை கூறும் இறைவாக்கும் ஞானமுமே இதற்கு மூலம் எனக் கொள்வாரும் உளர். தமிழ் விவிலியங்கள் ‘வார்த்தை’ என்றும் ‘வாக்கு’ என்றும் பெயர்க்கின்றன. ‘அறிவு’, ‘காரணம்’ என்னும் பொருட்கூறுகள் அவற்றில் புலப்படா.

கிரேக்கக் கல்வியோடு கிறித்தவத்தைத் தழுவியவருள் தலைசிறந்தவர் யுஸ்தீன். இவர் ஸ்டோயிக்கர், பிளேட்டோ வழியினர் முதலிய பலரிடம் பயின்று, இறுதியில் கிறித்தவர் ஆனார். ஆயினும் மெய்யியலாரின் மேலாடையைக் களைந்திலர். லோகாஸின் வித்து மாந்தர் அனைவரிடத்தும் உண்டு. ஆதலின், அறிவின்வழி வாழ்ந்த சாக்ரட்டீசும் ஹெராக்கிளிட்டசும் கிறித்தவரே என 155ஆம் ஆண்டளவில் எழுதினார். ஏறத்தாழ 165இல் உரோமையில் கொலைத்தண்டனை பெற்றார். யூதர்க்குத் திருச்சட்டம் போலக் கிரேக்கர்க்கு மெய்யியல் வழிகாட்டி என்றார் கிளெமெந்து. ஏதென்சுக்கும் எருசலேமுக்கும் தொடர்பு யாது என வினவி மறுத்த தெர்த்துல்லியனும், உயிர் பருப்பொருளே என்னும் ஸ்டோயிக்கர் கொள்கையைத் தழுவியே எழுதினார்.

இவ்வுறவால் இடரும் விளைந்தது. இடைநின்று இணைப்பது இறைவனினும் தாழ்ந்ததாதல் வேண்டுமன்றோ? மகன் படைக்கப்பட்டவரே என ஆரியுஸ் வாதிட்டார். 325இல் கூடிய நீசேயாப் பேரவை அதனை மறுத்து, மகன் தந்தையோடு ஒரே உள்பொருள் என உறுதி செய்தது. வியப்பு யாதெனில், அம்மறுப்பிற்குப் பயன்பட்ட ‘ஹோமோஊசியோஸ்’ என்னும் சொல்லும் விவிலியத்தில் இல்லாததே. அதன் வேராகிய ‘ஊசியா’ கிரேக்க மெய்யியலார் பயின்ற சொல்லே!

பிளேட்டோ வழியினரின் நூல்களில் லோகாஸைக் கண்டதாகவும், அது மனிதன் ஆயிற்று என்பதை மட்டும் ஆண்டுக் காணவில்லை எனவும் அகுஸ்தீன் (354–430) உரைத்தார். எனவே, கிறித்தவம் கிரேக்கத்திடம் பெற்றது சொல்லும் வினவும் முறையுமாம். அச்சொல்லுக்கு உடலும் வரலாறும் தந்தது அதன் சொந்த நம்பிக்கையே என்பது தெளிவு.