முப்பத்தொரு வயதுப் பூனை

பத்திரிகைத் தொழிலில் மரணச் செய்தி எழுதுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. இறந்தவரின் பெயர், பிறந்த ஊர், வயது, விட்டுச்சென்ற உறவுகள், இறுதிக்கிரியை நடைபெறும் இடம், நேரம். இவற்றில் வயது பிழைத்துவிட்டால் மறுநாள் காலையில் ஆசிரியபீடத்துத் தொலைபேசி ஓயாது. இந்த ஒழுங்கிலேயே நான் முப்பது ஆண்டுகளாகப் பழகியவன். அண்மையில் எங்கள் வீட்டுப் பூனை மூப்பினால் இறந்தபோதுதான், எந்தப் பத்தியிலும் அடங்காத மரணமும் உண்டு என்பது புரிந்தது.

போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் இறுதியில் எங்கள் வளவுக்கு வந்து சேர்ந்த குட்டி அது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் எங்களுடன் வாழ்ந்தது. மாமரத்தடியில் புதைத்துவிட்டு வழக்கம்போல் வேலைக்குப் போனேன். மனிதர் இறந்தால் எட்டுச் செலவு உண்டு. 31ஆம் நாள் அந்தியேட்டி உண்டு. ஆண்டுத் திவசம் உண்டு. துக்கத்தை இறக்கி வைக்க நம் முன்னோர் வகுத்த படிகள் அவை. பூனைக்கு அப்படி ஒரு படியும் இல்லை. அதற்கு மேல் ஒரு வெட்கமும் இருந்தது. இறந்த மனிதர்களையே எண்ணி முடிக்காத ஒரு நாட்டில், அந்த மரணங்களையே செய்தியாக எழுதிக் காலம் கழித்த ஒருவன், பூனைக்காகக் கண் கலங்கலாமா?

வரலாற்றைப் புரட்டினால் இந்த வெட்கம் எல்லாக் காலத்துக்கும் உரியதன்று எனத் தெரிகிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தைப் பற்றி எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், வீட்டில் பூனை இயற்கையாக இறந்தால் அவ்வீட்டார் அனைவரும் புருவத்தை மழித்துக்கொள்வர் என்று பதிவு செய்துள்ளார். அவருக்கும் பல நூற்றாண்டுகள் முன்னதாக, மூன்றாம் அமென்ஹோட்டெப் மன்னனின் மூத்த மகனான இளவரசன் துட்மோஸ், தன் பூனைக்குச் சுண்ணாம்புக் கல்லில் பேழை செய்வித்தான். படையல் மேசையின் முன் அந்தப் பூனை அமர்ந்திருக்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. இறந்த மனிதர்களுக்குச் செய்யப்பட்ட அதே மரியாதை.

ஆயினும் சடங்கு வேறு, துயரம் வேறு. எகிப்தில் பிற்காலத்தில் கோயில் காணிக்கைக்காகவே பூனைகள் வளர்க்கப்பட்டு, கொல்லப்பட்டு, பதப்படுத்தப்பட்டன. அவ்வாறான பூனை உடல்கள் சுமார் 19 தொன் 1890ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்திறங்கி, வயலுக்குப் பசளையாக ஏலத்தில் விற்கப்பட்டன. அந்தக் குவியலில் எத்தனை பூனைகளுக்காக யார் அழுதிருப்பர்? துட்மோஸின் பேழையைச் செய்வித்தது ஊர் வழக்கம் மட்டுமன்று. ஒரு மனிதனுக்கும் ஒரு பூனைக்கும் இடையே இருந்த பழக்கம்.

அத்தகைய பழக்கம் ஒன்றின் முழு வரலாறும் நமக்குத் தெரியவருவது 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எட்வேர்ட் லியர் மூலமாகும். 1812இல் இலண்டனில் பிறந்த லியர் ஓவியர். சிரிப்பூட்டும் குழந்தைப் பாடல்களால் உலகப் புகழ் பெற்றவர். விக்டோரியா மகாராணிக்குச் சில காலம் சித்திரம் கற்பித்தவர். ஆனால் அவருடைய வாழ்க்கை சிரிப்பானதாக இருக்கவில்லை. சிறு வயது முதல் வலிப்பு நோய். அதை மற்றவர் அறியாமல் மறைத்த தனிமை. இடையிடையே வந்து அழுத்திய மனச்சோர்வு. அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

1856ஆம் ஆண்டில் கோர்பூ தீவில் ஜோர்ஜியோ கொக்காலி என்பவர் அவரிடம் பணியாளராகச் சேர்ந்தார். அன்று முதல் லியரின் பயணங்கள் பலவற்றில் ஜோர்ஜியோவும் உடன் சென்றார். 1874ஆம் ஆண்டின் இறுதியில் இருவரும் இலங்கைக்கும் வந்தனர். இங்கே ஜோர்ஜியோ வயிற்றுளைவு நோயால் கடுமையாகப் பாதிக்கப்பட்டார். நம் தீவின் அழகை வரைய வந்த ஓவியர், தம் பணியாளின் படுக்கையருகே கவலையோடு இருக்க நேர்ந்தது.

இத்தாலியின் சன் ரெமோ நகரில் லியர் வீடு கட்டிக் குடியேறிய சிறிது காலத்தில், 1870களின் தொடக்கத்தில், அவரிடம் ஒரு பூனைக்குட்டி வந்தது. பெயர் பொஸ். சகோதரன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் சுருக்கம் அது. அழகான பூனையன்று. வாலை வெட்டிவிட்டால் வீட்டை விட்டு ஓடாது என்று நம்பிய பணியாள் ஒருவர் அதன் வாலைத் துண்டித்துவிட்டார். அந்தக் குட்டை வாலுடனேயே லியர் அதனைப் பல சித்திரங்களில் வரைந்தார். பிரபுக் குடும்பங்களின் இலச்சினைகளில் சிங்கம் நிற்கும் தோரணையில் பொஸ் நிற்கும் வேடிக்கைச் சித்திரங்களும் அவற்றுள் உண்டு. 1881இல் வேறு வீட்டுக்கு மாறியபோது, பூனை தடுமாறக்கூடாது என்பதற்காகப் பழைய வீட்டின் அமைப்பிலேயே புதிய வீட்டைக் கட்டுவித்தார் என்று ஒரு கதையும் வழங்குகிறது.

1883இல் ஜோர்ஜியோ இறந்தார். ஈராண்டு கழித்து அவருடைய மகன்களில் ஒருவரும் இறந்தார். வீட்டில் எஞ்சியிருந்த பழைய முகம் பொஸ் மட்டுமே.

1887 நவம்பரில் பொஸ்ஸும் இறந்தது. உடலின் ஒரு பக்கம் முழுவதும் செயலிழந்திருந்தது. பெட்டியொன்றில் வைத்து, தோட்டத்துத் தோடை மரப் பாதையின் முடிவில் நின்ற அத்திமரத்தின் கீழ் புதைத்தனர். லியர் அங்கே கல் நாட்ட ஏற்பாடு செய்தார்; நண்பர்களுக்கும் கடிதம் எழுதினார். பூனை வேதனைப்படாமல் போனது குறித்து ஆறுதல் கொள்வதாக அவர் தெரிவித்தார். அத்துடன் அதன் வயது 31 என்றும், அதில் 30 ஆண்டுகள் தம் வீட்டிலேயே கழிந்தன என்றும் குறிப்பிட்டார்.

செய்தியாசிரியன் ஒருவனின் கண்ணில் முதலில் படுவது இந்தப் பிழைதான். பொஸ் வாழ்ந்தது ஏறத்தாழ 15 ஆண்டுகள். லியர் நாட்குறிப்பு எழுதும் பழக்கமுள்ளவர். வயது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? முதுமையின் மறதி என்று சிலர் கொள்ளலாம். அவருக்கே உரிய வேடிக்கை என்றும் கொள்ளலாம். நான் கழித்தல் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். 1887இலிருந்து 31ஐக் கழித்தால் 1856. அது ஜோர்ஜியோ அவருடைய வாழ்வில் வந்த ஆண்டு.

இது என் ஊகமே. தற்செயலான ஒற்றுமையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கிழவர் அத்திமரத்தடியில் புதைத்தது ஒரு பூனையை மட்டுமன்று, தனி மனிதராக இருந்த தமக்கு ஒரு குடும்பமென்று வாய்த்த காலம் முழுவதையும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதன் வயதைத்தான் அவர் எழுதினார்.

பொஸ் இறந்து இரண்டு மாதங்களில், 1888 ஜனவரி 29ஆம் திகதி லியர் காலமானார். நெடுநாள் நண்பர்கள் எவராலும் இறுதிச் சடங்குக்கு வர இயலவில்லை.

எங்கள் பூனைக்கு முதன்முதலில் பாலும் சோறும் வைத்தவர் என் தாயார். அவர் போய் ஏழு ஆண்டுகளாகின்றன. அவருடைய சாய்மனைக் கதிரையில்தான் கடைசி வரை அது படுத்தது. அந்தக் கதிரையை அதனிடமிருந்து எடுக்க வீட்டில் எவருக்கும் மனம் வரவில்லை. இப்போது கதிரை வெறுமையாக இருக்கிறது. தாயாரின் அந்தியேட்டியன்று உறவினரும் ஊரவரும் நிறைந்திருந்ததால் அழ நேரமிருக்கவில்லை. அன்று விட்டதைத்தான் மாமரத்தடியில் அழுதேன் என்பதை உணர எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. போரில் இறந்தவர்களுக்கும் இந்தக் கண்ணீருக்கும் போட்டியில்லை. மனம் தனக்குக் கிடைத்த வாசலால் வெளியே வருகிறது.

அதன் வயதை யாராவது கேட்டால், சரியான எண்ணையே சொல்வேன். தொழில் பழக்கம் அப்படி. ஆனால் லியரின் கல்லில் உள்ள எண்ணைத் திருத்த எனக்கு மனமில்லை.