நோயாளரும் திறந்தவெளி உடற்பயிற்சியும்

கொவிட்-19 நோயை உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச் 11 ஆம் திகதி பெருந்தொற்றாகப் பிரகடனம் செய்தது. அம்மாதத்திலேயே இங்கிலாந்தில் கடும் பாதிப்புக்குள்ளாகக் கூடிய நோயாளர்கள் வீட்டை விட்டு வெளியேறவே வேண்டாமென அறிவுறுத்தப்பட்டனர். இவ்வாறு இனங்காணப்பட்டோர் சுமார் 22 இலட்சம் பேராவர். எனினும், ஜூன் முதலாம் திகதி முதல் தம்மோடு வசிப்போருடன் நாளொன்றுக்கு ஒரு தடவை வெளியே சென்றுவர அவர்களுக்கு இடமளிக்கப்பட்டது. நவம்பரில் மீண்டும் முடக்கம் வந்தபோதும் உடற்பயிற்சிக்கான வாய்ப்பு மறுக்கப்படவில்லை.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. மூச்சுடன் வெளிப்படும் நுண்துளிகள் அடைத்த அறையில் தேங்கி நிற்கும். திறந்தவெளியில் விரைவில் கலைந்துவிடும். மறுபுறம், அசைவின்றி முடங்கியிருப்போரின் தசைகள் தளர்வதுடன் நீரிழிவும் இரத்த அழுத்தமும் கட்டுமீறுகின்றன. 2020 நவம்பரில் வெளியான உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல், நாட்பட்ட நோயுடைய வளர்ந்தோருக்கும், உடல்நிலை இடமளிக்குமாயின், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கின்றது.

தொற்றுக் காலத்தில் இத்தகையோர் வைத்தியரின் ஆலோசனையுடன், சனநடமாட்டம் குறைந்த வேளையில் நடப்பதே உசிதமானது. பிறரிடமிருந்து இரண்டு மீற்றர் விலகி நடப்பதும், நெரிசலான இடங்களில் முகக்கவசம் அணிவதும், வீடு திரும்பியதும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவதும் அவசியம். இன்சுலின் ஏற்றுவோர் சிறிது இனிப்பைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். நெஞ்சுவலியோ, தலைச்சுற்றோ, வழமைக்கு மாறான மூச்சுத்திணறலோ ஏற்படின் உடனடியாக நிறுத்தி உதவி நாடவேண்டும். காய்ச்சலோ இருமலோ உள்ள நாளில் வீட்டிலிருந்து ஓய்வெடுப்பதே முறை.

இன்னொரு தொற்று வருமாயின், முதியோரையும் நோயாளரையும் அறைக்குள் பூட்டிவைப்பதே பாதுகாப்பென எண்ணாது, அவர்கள் அச்சமின்றி நடமாட வழிசெய்வது குடும்பத்தாரினதும் அதிகாரிகளினதும் கடமையென வலியுறுத்த விரும்புகின்றோம்.