ஆர்டீமியா பினாங்குக்கு வந்த வழி

அலங்கார மீன் வளர்ப்பவர்கள் ஆர்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலை அறிவார்கள். டப்பாவில் பழுப்புத் தூளாக வரும் முட்டையை உப்பு நீரில் போட்டுக் காற்றுக் குழாயை விட்டால், ஓரிரு நாளில் பொடிப்பொடியாகக் குஞ்சுகள் நீந்தும். மீன்குஞ்சுகளுக்கு அருமையான தீனி. அதே தூள் மலேசியாவின் பினாங்கிலுள்ள மூலிகை ஆய்வுக்கூடங்களில் சுண்டெலிக்குப் பதிலாக நிற்கிறது.

1750-களில் இங்கிலாந்தின் லிமிங்டன் உப்பளங்களில் ஷ்லாசர் என்பவர் இந்தச் சிற்றிறாலைக் கண்டு வரைந்துவைத்தார். 1758-ல் லின்னேயஸ் அதற்குப் பெயரிட்டார். மீன் பிழைக்க முடியாத அளவுக்கு உப்பேறிய நீர்தான் இதற்குப் பாதுகாப்பு. நீர் வற்றினால் முட்டை காய்ந்து உறங்கும். வருடங்கள் கழித்து நீர் பட்டாலும் பொரியும். தூத்துக்குடி உப்பளங்களிலும் இது உண்டு. அங்குள்ள சொந்த இனத்தில் ஆணின் துணையே இல்லாமல் பெண் இறால்கள் இனம் பெருக்குகின்றன.

1933-ல் கலிபோர்னியாவில் ஆல்வின் சீலும், 1939-ல் நார்வேயில் ரோலெஃப்செனும் இதன் குஞ்சுகளை மீன்குஞ்சுகளுக்கு ஊட்டலாம் என்று காட்டினார்கள். அதோடு வியாபாரிகள் நுழைந்தார்கள். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்தும் யூட்டாவின் பெரும் உப்பு ஏரியிலிருந்தும் முட்டை டப்பா டப்பாவாக உலகெங்கும் போனது. ஹெரால்ட் வான் பிரான்ஹட் என்ற அமெரிக்கர் இதற்குக் 'கடல் குரங்கு' என்று பெயர் சூட்டி, காமிக்ஸ் புத்தகங்களில் விளம்பரம் செய்து பிள்ளைகளிடம் விற்றார். 1972-ல் அப்பல்லோ 16 இதன் முட்டைகளை நிலவுவரை கொண்டுபோனது. 1977-ல் பிரேசில் உப்பளங்களில் சான் பிரான்சிஸ்கோ முட்டையை விதைத்தார்கள். பின்னர் வியட்நாமும் அதையே செய்தது. இன்று தமிழகக் கடலோர உப்பளங்களிலும் அமெரிக்க இனம் புகுந்து, சொந்த இனத்தை நெருக்குகிறது.

மருந்துலகம் இன்னொரு பாதையில் போய்க்கொண்டிருந்தது. 1927-ல் டிரெவன் என்ற ஆங்கிலேயர், விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு எது என்று கணக்கிடும் முறையை வகுத்தார். அந்த ஓர் எண்ணுக்காகப் பல பத்தாண்டுகள் எலிகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. 1959-ல் ரஸலும் பர்ச்சும் எழுதிய நூல், விலங்குக்கு மாற்றுத் தேடு, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்று மூன்று நெறிகளை முன்வைத்தது.

இரண்டு பாதைகளும் 1982-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் சந்தித்தன. தாவரங்களில் புற்றுநோய் மருந்து தேடிய மெக்லாஃப்லின் குழுவுக்குத் தங்கள் மேசையிலேயே செய்யக்கூடிய மலிவான சோதனை தேவைப்பட்டது. மீன் தீனி முட்டையை வாங்கிப் பொரிக்கவிட்டு, குப்பிக்குப் பத்துக் குஞ்சு போட்டு, மூலிகைச் சாற்றை வெவ்வேறு அளவில் கலந்து, 24 மணி நேரம் கழித்துப் பிழைத்தவற்றை எண்ணினார்கள். பாதிக் குஞ்சுகள் சாக 1000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 1000 பங்குக்கு) மேல் தேவைப்பட்டால் சாற்றில் வீரியம் இல்லை எனலாம். விலங்குக் கூண்டு வேண்டாம், விலை உயர்ந்த கருவியும் வேண்டாம். பணமில்லாத ஆய்வுக்கூடங்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடைத்திருக்காது.

பினாங்கில் அந்தக் குப்பிக்குள் போனது அசாம் லக்சா என்ற புளிப்பு நூடுல்ஸில் நறுக்கிப் போடும் பூ. மலாய்க்காரர் புங்கா காந்தான் என்பது இதைத்தான். 2010-ல் வெளியான மலேசிய அறிவியல் பல்கலைக்கழக (யுஎஸ்எம்) ஆய்வில், அந்தப் பூச்சாறு பாதிக் குஞ்சுகளைக் கொல்லத் தேவைப்பட்ட அளவு மில்லிலிட்டருக்கு 2.52 மில்லிகிராம், அதாவது 2520 பிபிஎம். இது 1000-ஐத் தாண்டியதால், நச்சுத்தன்மை பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. ஓர் எலிகூடச் சாகாமல் முதல் பதில் கிடைத்துவிட்டது.

இறாலும் உயிர்தான், அதை மறைப்பதில் நியாயமில்லை. ஆனால் வலியை உணரும் திறனில் எலியும் ஒருநாள் வயதுக் குஞ்சும் ஒன்றல்ல என்பதே என் நிலை. கல்லீரல் கெடுமா, கருவைப் பாதிக்குமா என்று இறால் சொல்லாது. அதற்கு மனித உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனைகள் துணைக்கு வருகின்றன. இறால் முதல் சல்லடை. அதில் தேறாத சாறு எலிவரை போகத் தேவையில்லை. மூலிகை ஆய்வுக்கு நிதி தருபவர்கள், எலிக்கு அனுமதி கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் இந்தச் சோதனையின் முடிவைக் கேட்டு வாங்க வேண்டும்.