காவிரிக்கரையும் கரிகாலன் கதையும்: மாலேபாடு செப்பேட்டின் ஒரு தொடர் குறித்து

கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்த செய்தியைக் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி தம் ‘சோழர்கள்’ நூலில் ஒரு கதை எவ்வாறு வளர்கிறது என்பதற்கான எடுத்துக்காட்டாகவே எடுத்தாண்டார். கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலை காடு கொன்றதையும் குளம் தோண்டியதையும் சொல்கிறது. கரை கட்டியதைச் சொல்லவில்லை. அச்செய்தி முதலில் தலைகாட்டுவது ரேநாட்டுத் தெலுங்குச் சோழன் புண்ணியகுமாரனின் மாலேபாடு செப்பேட்டில். பிறகு முக்கண் பல்லவன் கதை அதனுடன் கலந்து, பிற்காலத் தெலுங்குச் சோழர் மெய்க்கீர்த்திகளில் ஒரு வாய்பாடாகவே இறுகிவிடுகிறது. இந்த வரிசை சரி. இதைக் கண்டு காட்டியது சாஸ்திரியின் பெரும்பணி. ஆனால் கதை என்று முத்திரையிட்டதும் அவர் விசாரணையை முடித்துக்கொள்கிறார். கரிகாலன் கரை கட்டினானா என்ற கேள்விக்கு மட்டுமே அவர் விடை தேடினார். ஒவ்வொரு காலத்தவரும் அதே கதையை ஏன் வேறு வேறாகச் சொன்னார்கள் என்று கேட்டிருந்தால், வெள்ளத்தடுப்பின் வரலாறு ஒன்று அவர் கையிலேயே கிடைத்திருக்கும்.

கடப்பை மாவட்டத்தில் கிடைத்த மாலேபாடு செப்பேட்டில் கரிகாலனைக் குறிப்பது ஒரே ஒரு வடமொழித் தொகைச் சொல். கவேரனின் மகளான காவிரி கரை மீறிப் பெருகியதைத் தணித்தது முதலான பல வியத்தகு செயல்களைச் செய்தவன் என்பது அதன் பொருள். இதில் அணை இல்லை, கல் இல்லை, வேலை செய்த ஆட்களும் இல்லை. ‘கரை கட்டினான்’ என்றுகூட அது சொல்லவில்லை. மீறிய வெள்ளம் அடங்கியது என்ற விளைவை மட்டும் சொல்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் திருவாலங்காட்டுச் செப்பேட்டில்தான் கரை எழுப்பியது கரிகாலனின் புகழாகிறது. அதன்பின் வரும் தெலுங்குச் சோழர் வாய்பாட்டிலோ வேலை செய்கிறவர்களே மாறிவிடுகிறார்கள். கரிகாலனின் திருவடியால் கண்ணிழந்த திரிலோசனன் (முக்கண் பல்லவன்) தலைமையில் எல்லா மன்னரும் காவிரிக்கரை கட்டும்படி செய்யப்பட்டனர். வெள்ளம் அடங்கியது, கரை எழுந்தது, அடங்கியவர் உழைத்தனர் என்று கதை மூன்று படிகளில் நகர்கிறது. மூன்றாம் படியைச் சாஸ்திரி வெறும் அலங்காரமாகக் கண்டார். கரைப்பணி என்பது சுமத்தப்படும் கடமையாகிவிட்டதன் தடம் என்று நான் அதை வாசிக்கிறேன்.

வடபெண்ணையாற்றுப் பக்கத்து மன்னருக்குக் காவிரியைப் பற்றி என்ன தெரியும், இது வெறும் குலப்பெருமைதானே என்ற மறுப்பு வலுவானது. புண்ணியகுமாரனைப் பொறுத்தவரை அதை ஏற்கிறேன். செப்பேட்டில் சக ஆண்டு இல்லாததால், எழுத்தமைதியை வைத்து 7-ஆம் நூற்றாண்டா 8-ஆம் நூற்றாண்டா என்பதும் முடிவாகவில்லை. ஆனால் நெல்லூர்ப் பகுதியின் பிற்காலத் தெலுங்குச் சோழர் சோழப் பேரரசுக்கு அடங்கிய சிற்றரசர்களாக இருந்தவர்கள். மேலிடத்துக்குக் கடமை செய்வது என்னவென்று அனுபவித்து அறிந்தவர்கள். சோழநாட்டுக் கல்வெட்டுகளில் ‘காவிரிக்கரை விநியோகம்’ என்ற பெயரிலேயே ஒரு வரி வருகிறது. வாய்பாட்டுக்கும் வரிக்கும் நேரடித் தொடர்பைக் காட்டும் சாசனம் ஒன்றும் என்னிடம் இல்லை. எனினும், கரையைப் பேண ஊரார் மீது வரி விழுந்த ஓர் ஆற்றைப் பற்றி, அடங்கிய மன்னர்கள் கரை சுமந்தார்கள் என்ற கதை பிறந்ததைத் தற்செயல் என்று ஒதுக்குவதைவிட, இரண்டுக்கும் பின்னால் ஒரே நடைமுறையைக் காண்பதே பொருத்தம்.

மேற்சொன்ன மூன்று சான்றுகளில் ஒன்றும் கல்லணையைச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். காவிரியைவிடக் கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. கல்லணை சாதாரண நீரைக் காவிரியில் நிறுத்தி, மிகுந்த வெள்ளத்தைக் கொள்ளிடத்துக்குத் தள்ளியது. அப்படித் தள்ளிய பிறகும் ஊரைக் காத்தது மண்கரைதான். கரை உடையும் தறுவாயில் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்று சென்னை மாகாணத்தின் 1858-ஆம் ஆண்டு 1-ஆம் சட்டம் வகுத்தபோது, புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை; பழைய கடமைக்கு எழுத்துவடிவம் தந்தது.

1924 ஜூலைப் பெருவெள்ளத்துக்குப் பிறகு கட்டப்பட்டு 1934-இல் முடிந்த மேட்டூர் அணை இந்தக் கடமையைத் தேவையற்றதாக்கிவிட்டது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அணை 120 அடிக்கு நிரம்பிவிட்டால் வருகிற நீரை அப்படியே திறந்துவிடுவதைத் தவிர வழியில்லை. 2018 ஆகஸ்டில் அதுதான் நடந்தது. அந்த 22-ஆம் தேதி இரவு, 1836-இல் ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்த முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. புவி வெப்பமடைய வெப்பமடையக் காற்று தாங்கும் ஈரம் கூடி, சில நாள்களுக்குள் கொட்டித் தீர்க்கும் மழை மிகுகிறது. குடகிலும் வயநாட்டிலும் அப்படிப் பெய்யும்போது நிறைந்த அணை வெள்ளத்தை வாங்கிக்கொள்ளாது. கொள்ளிடத்தில் போகும் நீரையெல்லாம் வீண் என்று கணக்கெழுதி, அதன் கரைகளுக்கு ஆண்டுதோறும் பணமும் ஆளும் ஒதுக்காமல் விடுவதைப் மரபு என்று யாரும் சொல்ல முடியாது. காவிரிக்கரை விநியோகம் தண்டிய ஊர்ச்சபைகளின் மரபு அதற்கு நேர் எதிரானது.