கொடும்பாளூரும் நார்த்தாமலையும்

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் நான்குவழிச் சாலையில் விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர். அதே திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் சாலையில் கீரனூரைத் தாண்டினால் நார்த்தாமலை. இரண்டுமே சின்ன ஊர்கள். பேருந்திலோ காரிலோ போகிறவர் கொஞ்சம் கண்ணயர்ந்தால் இரண்டையும் தவறவிட்டுவிடுவார். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒன்று இருக்குவேளிரின் தலைநகர். மற்றது முத்தரையர் கோயில் எடுத்த, வணிகர்கள் கூடிய ஊர்.

இரண்டு ஊர்க் கோயில்களையும் 'சோழர் கலை' என்ற ஒரே தலைப்பில் சேர்த்துச் சொல்லிவிடுவது நம் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இவற்றைக் கட்டியவர்கள் சோழப் பேரரசர்கள் அல்லர். அந்தந்த மண்ணை ஆண்ட சிற்றரசர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். தாங்கள் யார் என்பதை அவர்களே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதிய விதத்தில்தான் இரண்டு ஊர்களும் வேறுபடுகின்றன.

கொடும்பாளூர் மூவர் கோயிலின் நடுத்தளிச் சுவரில் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தன் முன்னோரை வரிசையாகச் சொல்கிறான். தந்தை சமராபிராமன் ஒரு சளுக்கியனை வென்றது, சோழ இளவரசி அனுபமையை மணந்தது, தான் பல்லவர் படையை வென்றது, வீரபாண்டியனை வென்றது என்று வெற்றிகள் நீள்கின்றன. பிறகு, தன் பெயரிலும் தேவியர் கற்றளி, வரகுணை இருவர் பெயரிலும் மூன்று விமானங்கள் எடுத்ததையும், மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகத் துறவிக்கு மடமும், 50 தவசிகளுக்குச் சோறிட 11 ஊர்களும் தந்ததையும் சொல்கிறான். இவன் காலம் முதலாம் ஆதித்தனுடையதா, சுந்தர சோழனுடையதா என்பதில் அறிஞர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. எந்தக் காலமானாலும் குரல் ஒன்றுதான். அது வெற்றி பெற்றவனின் குரல்.

நார்த்தாமலை மேலமலையில் நிற்கும் விசயாலய சோழீச்சுரத்தின் கல்வெட்டில் அந்தக் குரல் இல்லை. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையன் எடுத்த கற்றளி மழையில் சிதைந்தது; மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தான். சொல்லும் செய்தி இவ்வளவுதான். போர் இல்லை, குலப்பெருமை இல்லை. கட்டியது இடிந்ததையும், இன்னொருவர் எடுத்துக் கட்டியதையும் மறைக்காமல் பதிந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவற்றில் இது ஒன்று. விசயாலயன் பெயர் பிற்காலக் கல்வெட்டில்தான் வருகிறது. அதை வைத்து இது விசயாலய சோழன் கட்டியது என்பாரும் உண்டு. நான் மழையைச் சொன்ன கல்வெட்டையே நம்புகிறேன்.

பெண்களைப் பற்றிய இடத்துக்கு வந்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. கொடும்பாளூரில் அரசியர் பெயரில் விமானங்கள் எழுந்தன, எழுப்பியவன் கணவன். நார்த்தாமலையில் அப்படியில்லை. விசயாலய சோழீச்சுரத்துக்கு எதிரே பாறையில் குடைந்த பழியிலி ஈசுவரத்தை, நிருபதுங்க பல்லவனின் 7-ஆம் ஆட்சியாண்டில் சாத்தன் பழியிலி என்ற முத்தரையன் குடைவித்தான். அதற்கு முகமண்டபம் எடுத்துக் கொடையும் வைத்தவள் அவன் மகள், பழியிலி சிறிய நங்கை. அந்த மண்டபத்தில் இன்று அடித்தளம்தான் மிச்சம். ஆனால் அவள் பெயர் கொடுத்தவள் பெயராக நிற்கிறது. மூவர் கோயிலிலும் வடதளியின் அடித்தளம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. நடுத்தளி அரசனுடையது என்று கொண்டால், அழிந்தது ஒரு தேவியின் கோயில். அவள் கற்றளியா வரகுணையா என்று கேட்டுக்கொண்டே அந்த வெற்று மேடையைச் சுற்றி வந்திருக்கிறேன்.

அமைப்பில் மூவர் கோயிலுக்கும் விசயாலய சோழீச்சுரத்துக்கும் ஒற்றுமையும் உண்டு. இரண்டும் மேற்குப் பார்த்தவை, சுற்றாலைக் கோயில்கள் சூழ எழுந்தவை. கொடும்பாளூரில் அவை பதினைந்து, நார்த்தாமலையில் எட்டு. கொடும்பாளூரில் கருவறைகள் சதுரம். விசயாலய சோழீச்சுரத்தில் சதுரச் சுவருக்குள் வட்டக் கருவறை, அதன் மேல் வட்டச் சிகரம். ஒன்று சமதரையில், மற்றது வழுக்குப் பாறை மேல். விசயாலய சோழீச்சுரத்துக்குப் பக்கத்தில் சமணர் குடகு என்ற குடைவரையில் சமணம் போய் வைணவம் வந்து, பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன.

கொடும்பாளூருக்கு வழி என்பது பழைய சொத்து. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வழி கேட்ட கோவலனிடம், கொடும்பை நெடுங்குளத்தை அடைந்ததும் பாதை சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்கிறான் மாங்காட்டு மறையவன். அப்போது வழிப்போக்கர் நின்று திசை தேர்ந்த ஊர். இடங்கழி நாயனாரின் ஊரும் இதுவே. பொன்னியின் செல்வன் படித்தவர்கள் வானதியின் ஊராக அறிவார்கள். இன்று வண்டிகள் நிற்பதில்லை. மூவர் கோயிலில் வழிபாடும் இல்லை. தொல்லியல் துறையின் புல்வெளிக்கு நடுவே அது தனித்து நிற்கிறது. ஊரின் வழிபாடு சற்றுத் தள்ளி முசுகுந்தேசுவரர் கோயிலில் நடக்கிறது.

நார்த்தாமலைக்கு மக்கள் வருகிறார்கள், மலைக்கு அல்ல. அடிவாரத்து முத்துமாரியம்மனுக்குப் பங்குனியில் பூச்சொரிதல், பால்குடம், காவடி, தேர் என்று கூட்டம் அலைமோதும். அதில் மேலமலை ஏறுகிறவர் சிலரே. ஏறும் வழியில் தலையருவிச் சிங்கம் சுனை இருக்கிறது. தண்ணீருக்கடியில் குடைவரையில் ஒரு லிங்கம். 1857-இல் இராமச்சந்திரத் தொண்டைமானின் ராணி தண்ணீரை இறைக்கச் செய்து வழிபட்டதாகச் சுனையருகே எழுதியிருக்கிறது. மறைந்து கிடப்பதை ஒருநாள் வெளியே கொண்டுவந்து பார்க்கிற அக்கறை அது.

அந்த அக்கறையை வேறோர் ஊரிலும் பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதியில் கில்மார்ட்டின் என்றொரு சிற்றூர். ஒரு தேவாலயம், சில வீடுகள்; சுற்றிலும் பள்ளத்தாக்கு முழுக்க நெடுங்கற்களும் கற்குவைகளும். பக்கத்து டுனாட் குன்றில் ஒரு பாதத்தடம் பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறது. பழைய அரசர்கள் பதவியேற்கையில் அதில் கால் பதித்ததாகச் சொல்கிறார்கள். அவ்வூரில் போதகர் குடியிருந்த பழைய வீட்டையே 1997-இல் அருங்காட்சியகமாக்கினார்கள். இங்கே அப்படியில்லை; கொடும்பாளூர்ச் சிற்பங்கள் சிலவற்றைப் பார்க்க நாம் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும். 1910-இல் தொடங்கிய அந்த நல்ல நிறுவனத்தில் அவை பத்திரமாக இருக்கின்றன என்பதில் நன்றி உண்டு. ஆனாலும் ஊர்ப்பிள்ளை தன் ஊர்ச் சிலையைப் பார்க்கப் பேருந்து ஏற வேண்டியிருப்பது எனக்கு உறுத்துகிறது.

இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், சிற்ப நயத்துக்கு மூவர் கோயிலையும், மனத்துக்கு மேலமலையையும் சொல்வேன். ஆனால் கவலை அதிகம் நார்த்தாமலையைப் பற்றித்தான். கொடும்பாளூருக்கு வேலி இருக்கிறது; நார்த்தாமலை வட்டாரத்தில் கல்குவாரிகள் இருக்கின்றன. இங்கே கோயிலும் மலையும் ஒரே கல். மலையை வெட்டிவிட்டுக் கோயிலை மட்டும் காப்பாற்ற முடியாது. மலைத்தொடர் முழுவதையும் காப்புப் பகுதியாக்க வேண்டும் என்று அரசை வேண்டுகிறேன்.

அடுத்த பங்குனியில் அம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறவர்கள் மேலமலைக்கும் ஒருமுறை ஏறுங்கள். மதுரைக்குக் காரில் போகிறவர்கள் கொடும்பாளூரில் அரைமணி நேரம் இறங்குங்கள். இரண்டுமே மேற்கு வாசல் கோயில்கள். பிற்பகல் நான்கு மணிக்குமேல் போனால் வெயில் நேராக முகப்பில் விழும்.