மதுரை மாடியறையில் வந்த மரணபயம்



1896ஆம் ஆண்டு ஜூலை மாதம். மதுரையில் தன் சிற்றப்பாவின் வீட்டு மாடியறையில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் தனித்திருந்தான். அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி மாணவன், பெயர் வேங்கடராமன். அவனுக்கு நோய் எதுவும் இல்லை. ஆயினும், 'இதோ சாகப்போகிறேன்' என்ற அச்சம் திடீரென அவனைப் பற்றிக்கொண்டது.

நானாயிருந்தால் வீட்டாரைக் கூவியழைத்திருப்பேன். அவனோ பிணம்போல் நீட்டிப் படுத்து, கைகால்களை விறைப்பாக்கி, உதடுகளை மூடி மூச்சை அடக்கினான். இவ்வுடல் சுடுகாட்டில் சாம்பலானால் 'நான்' என்பதும் அதனோடு முடிந்துபோகுமா என்று தன்னையே வினவினான். முடிவதில்லை என்ற தெளிவு பிறந்தது, பயம் அகன்றது. செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை வந்துசேர்ந்தான். பின்னாளில் உலகம் அறிந்த இரமண மகரிஷி அவரே.

அவர் கண்ட விடை நம்முடைய விசுவாசத்தின் விடையன்று. ஆனால் அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் அல்லவா நாம்?

மரணபயம் அறிவுக்கு ஒவ்வாதது என்று கிரேக்க ஞானி எபிகூரஸ் வாதிட்டார். மரணம் வரும்போது அதை உணர நாம் இருப்பதில்லையாம். சரியென்றே வைத்துக்கொள்வோம். அது மரிப்பவனுக்கு ஆறுதல். உயிரோடிருந்து இழப்பவனுக்கு? 1892இல் தந்தை சுந்தரமையர் இறந்தபோது வேங்கடராமனுக்கு வயது 12. தகப்பனை இழந்த பிள்ளையிடம் இந்த வாதத்தைச் சொல்லிப் பாருங்கள்.

1949இல் மகரிஷியின் இடது கையில் புற்றுநோய் கண்டது. நான்கு அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. அவர் கலங்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு அவர் மறைந்தபோது, உடல் 'நான்' அன்று என்று பல ஆண்டுகள் அவரிடமே கேட்டிருந்த அன்பர்கள் அழுதார்கள். அவர்களை அறிவீனர் என்று சொல்ல என் நாவு எழவில்லை. லாசருவை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் பெத்தானியாவில் நம் ஆண்டவர் கண்ணீர் விட்டாரே!

மகரிஷியும் ஒரு மரணப்படுக்கையின் அருகே காத்திருந்தவர்தாம். 1922 மே 19 அன்று அருணாசல மலைச்சரிவிலுள்ள கந்தாசிரமத்தில் அவருடைய தாய் அழகம்மாள் உயிர் துறந்தார். அந்த நாள் முழுவதும், தாயின் தலைமேல் ஒரு கையும் நெஞ்சின்மேல் மறுகையும் வைத்தபடி, மகன் அவரருகே அமர்ந்திருந்தார்.