வாயைத் திறக்காதவர் நடத்திய மீட்டிங்: ஒரு ஓசூர்க் கதை

மீட்டிங்னாலே நமக்கெல்லாம் கொட்டாவிதான். பிடுங்க வேண்டிய ஆணி ஆயிரம் கிடக்கும், மேனேஜர் முக்கால் மணி நேரம் பேசுவார், நாம நோட்டுல பூ வரைஞ்சுக்கிட்டு இருப்போம். கடைசியில "யாருக்காவது ஏதாவது சந்தேகம்?" என்பார். நமக்கு இருக்கிற ஒரே சந்தேகம் டீ எப்போ வரும்ங்கறதுதான் :-)

ஆனா மீட்டிங்கை நடத்தறதுக்குன்னே தனியா ஒரு ஆளை வைக்கிற பழக்கம் நம்ம ஓசூர் வரைக்கும் வந்து சேர்ந்த கதை அவ்வளவு மொக்கை இல்லை.

கதை ஜப்பானில் ஆரம்பிக்குது. 1962-இல் இஷிகாவா என்கிற பேராசிரியரும் அவர் கூட்டாளிகளும் தொழிற்சாலை ஃபோர்மேன்களுக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். தனியா படிச்சா தூக்கம் வரும், அஞ்சாறு பேரா உட்கார்ந்து படிங்கப்பான்னு சொன்னாங்க. அந்த வாசகர் வட்டம்தான் 'க்யூ.சி. சர்க்கிள்' ஆனது. (பத்திரிகை படிக்கக் கூடின கும்பல் உலகத்தையே மாத்தின கதை, நம்மள மாதிரி எழுதற ஆளுங்களுக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்.) ஒரே இடத்தில் வேலை பார்க்கும் அஞ்சு முதல் பத்து பேர், வாரம் ஒரு மணி நேரம், தங்கள் வேலையில் உள்ள பிரச்சினையைத் தாங்களே எடுத்து அலசுவாங்க.

1974-இல் அமெரிக்காவின் லாக்ஹீட் கம்பெனி இதை எடுத்துக்கிட்டுப் போச்சு. தொழிலாளி ஒரு பக்கம், மேனேஜர் ஒரு பக்கம்னு பிரிஞ்சு கிடந்த இடத்தில் நடுவில் ஒருத்தர் தேவைப்பட்டார். அவர்தான் ஃபெசிலிடேட்டர். இந்தியாவுக்கு 1980-இல் ஹைதராபாத் பெல் ஆலை வழியா வந்தது. 1982-இல் இதுக்குன்னே ஒரு தேசிய அமைப்பும் அதே ஊரில் உருவாச்சு.

ஓசூர்? 1971-இல் சிப்காட் பிறந்து, பின்தங்கின பகுதின்னு சலுகை கொடுத்து, 1980 வாக்கில் டி.வி.எஸ். 50-யும் அசோக் லேலண்டும் இங்கே உருண்டாச்சு. 1956-இல் மொழிவாரியா மாநிலம் பிரிச்சப்ப இந்தத் தாலுகா தமிழ் பக்கம் நின்னாலும், வீட்டுக்குள்ள தெலுங்கும் கன்னடமும்தான் நிறைய. அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகா. ஒரே மெஷின் லைனில் தருமபுரித் தமிழும் பாகலூர்த் தெலுங்கும் ஆனேக்கல் கன்னடமும் நிக்கும். மீட்டிங் மட்டும் இங்கிலீஷில்!

1990 வாக்கில் டி.வி.எஸ். ஓசூர் ஆலையே தொழிற்சங்கத் தகராறில் சில மாதம் மூடிக் கிடந்தது. அதே குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-இல் இந்தியாவிலேயே முதலாவதா டெமிங் பரிசு வாங்கியது. சுசுகி பிரிஞ்சு போனதுக்கு அடுத்த வருஷம், 2002-இல், மூடிக் கிடந்த அந்த டி.வி.எஸ்.ஸும் வாங்கியது. நடுவில் நடந்ததில் ஜப்பானியப் பேராசிரியர்களின் பங்கு பெருசு. அதே அளவுக்கு, தொழிலாளியை உட்கார வைத்துப் பேச விட்டதும் பெருசுங்கறது என் கட்சி.

பெரிய கம்பெனி செஞ்சா, அதுக்கு உதிரிபாகம் கொடுக்கிற சின்னக் கம்பெனியும் செய்யணுமே. அப்படி ஒரு கம்பெனியில்தான் நான் ட்ரெய்னி. துளை போட்ட பாகங்களில் பிசிறு இருக்குன்னு வாரா வாரம் பெட்டி பெட்டியா திரும்பி வந்தது. மூணு மீட்டிங் போட்டோம். மூணிலும் "ஆபரேட்டர் கவனக்குறைவு"ன்னு எழுதி முடிச்சோம்.

நாலாவதுக்கு வெளியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ரிட்டயர்டு ஃபோர்மேன். வந்ததும் மேனேஜரிடம், "சார், நீங்க ஒரு முக்கால் மணி நேரம் ஆபீஸ்ல இருங்களேன். முடிஞ்சதும் நானே கூப்பிடறேன்" என்றார். எங்களுக்கு நெஞ்சு படபடன்னுச்சு. மேனேஜர் முகம் சுருங்கினாலும் போய்ட்டார்.

போர்டில் மீன் முள் மாதிரி கோடு போட்டார். வரிசையா ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு காரணம், இல்லைன்னா 'பாஸ்'. அடுத்தவன் சொன்னதை யாரும் கிண்டல் பண்ணக்கூடாது. அவரவர் மொழியிலேயே பேசலாம். அவர் வேற எதுவும் பேசலை. முதல் சுற்றில் பாதிப் பேர் பாஸ். அவர் அவசரப்படலை, சும்மா சாக்பீஸைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். அந்த அமைதி தாங்க முடியாம இருந்தது.

ரெண்டாவது சுற்றில் பேரிகைப் பக்கத்துப் பையன் ஒருத்தன் தெலுங்கில் மெதுவா சொன்னான். ராத்திரி பத்து மணிக்கு மேல டூல் ஸ்டோர் பூட்டியிருக்குமாம். ட்ரில் மழுங்கினா மாத்த வழியில்லை, காலை வரைக்கும் அதையே ஓட்டுவாங்களாம். பெரியவர் அதைத் தமிழில் ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம எழுதினார். பக்கத்து நைட் ஷிஃப்ட்காரர் "ஆமாண்ணா" என்றார். அப்புறம் இன்னொருத்தர்.

ஸ்டோரைப் பூட்டச் சொன்னதே மேனேஜர்தான், டூல் திருட்டுப் போகுதுன்னு. அவர் எதிர்ல எவன் வாயைத் திறப்பான்?

அவரைத் திரும்பக் கூப்பிட்டப்ப பெரியவர் யார் சொன்னதுன்னு சொல்லவே இல்லை, போர்டை மட்டும் காட்டினார். மேனேஜர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டிருந்தார். மறுநாளிலிருந்து ஸ்டோர் சாவி ஒண்ணு நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர் பாக்கெட்டில்.

போன மாசம் சிப்காட் பக்கம் போனேன். இப்போ லைனில் ஒடியாவும் இந்தியும் சேர்ந்தாச்சு. போர்டு என்னவோ இன்னும் இங்கிலீஷில்தான் இருக்கு.